‘கண்ணுக்கு இதம்’ என்ற ஸ்டிக்கருக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண் வலிக்காத மானிட்டர் எது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “நீல ஒளி குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்” என்பதுதான். பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் இதையே சொல்கிறது. திரைகளை அளந்து சரிசெய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. கண்ணைக் களைக்க வைப்பவை வேறு: பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) விட்டுவிட்டு எரிவது, அறை வெளிச்சத்துக்குப் பொருந்தாத பிரைட்னஸ், கூர்மை இல்லாத எழுத்து, திரையில் விழும் பிரதிபலிப்பு, தவறான உயரம். இவற்றில் முதல் மூன்றும் எந்த மானிட்டரை வாங்குகிறோம் என்பதிலேயே பெருமளவு முடிவாகிவிடுகின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெரிதாக மாற்ற வழியில்லை.

நீல ஒளி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெள்ளை எல்இடி பேக்லைட்டில் சுமார் 450 நானோமீட்டர் அருகே நீல ஒளி உச்சத்தில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பகலில் வெட்டவெளியில் நிற்கும்போது கண்ணுக்குள் போகும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்லிவருகிறது. நீல ஒளியை வடிகட்டும் மூக்குக் கண்ணாடிகள் குறித்த 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும், சாதாரணக் கண்ணாடியைவிட அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. அப்படியானால் மானிட்டரில் ‘ரீடிங் மோடு’ போட்டதும் இதமாக இருப்பது ஏன்? பல மானிட்டர்களில் அந்த மோடு திரையை மஞ்சளாக்குவதோடு பிரைட்னஸையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. அந்த இதத்தில் பெரும்பங்கு வெளிச்சம் குறைந்ததால் வந்தது. இரவில் தூக்கம் கெடக்கூடாது என்று திரையை மஞ்சள் சாயலுக்கு மாற்றுவதில் தவறில்லை. அந்த வசதி விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் இலவசமாகவே இருக்கிறது. அதற்காக மானிட்டருக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஃபிளிக்கர், அதாவது பேக்லைட் விட்டுவிட்டு எரிவது. எல்சிடி திரையின் பின்னால் எரியும் எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவற்றுக்குப் போகும் மின்னோட்டத்தையே குறைப்பது. இதை டிசி டிம்மிங் என்பார்கள். இன்னொன்று, மின்னோட்டத்தைக் குறைக்காமல் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவது, இது பிடபிள்யூஎம். இரண்டாவது முறையில் பிரைட்னஸை 30 சதவீதத்தில் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் 70 சதவீத நேரம் விளக்கு அணைந்தே கிடக்கிறது. பிரைட்னஸைக் குறைக்கக் குறைக்க இருட்டு நேரம் நீள்கிறது. கண் கூசுகிறதே என்று வெளிச்சத்தைக் குறைப்பவருக்குத் தலைவலி கூடுவது இதனால்தான். முழு பிரைட்னஸில் விளக்கு தொடர்ந்து எரியும், ஃபிளிக்கர் இருக்காது. கடையில் மானிட்டர்களை முழு பிரைட்னஸில்தான் வைத்திருப்பார்கள் என்பதால் அங்கே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது.

நொடிக்கு 200, 240 முறை அணைந்து எரிவது கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போது தெரியாது. ஆனால் படிக்கும்போது கண் நிலையாக நிற்பதில்லை. வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாவலின்போது விட்டுவிட்டு எரியும் ஒளி விழித்திரையில் தனித்தனி இடங்களில் விழுகிறது. எல்இடி ஒளி பற்றி ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு 2015இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை இதற்கு ஓர் எளிய கணக்கு தருகிறது. அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்ற ஹெர்ட்ஸ் எண்ணை, 0.08ஆல் பெருக்கினால், ஆபத்து குறைவாக இருக்க ஒளி எத்தனை சதவீதம்வரை ஏறி இறங்கலாம் என்பது கிடைக்கும். 240 ஹெர்ட்ஸில் அது சுமார் 19 சதவீதம். பிடபிள்யூஎம் முழுக்க அணைந்து எரிவதால் அதன் ஏற்ற இறக்கம் 100 சதவீதம். அப்படி முழுக்க அணைந்து எரியும் விளக்குக்கு ஆபத்து குறைவு என்று சொல்ல குறைந்தது 1,250 ஹெர்ட்ஸ் வேண்டும். கவலையே வேண்டாம் என்று சொல்ல 3,000 ஹெர்ட்ஸ் வேண்டும். எல்லோரையும் இது ஒரே அளவில் பாதிப்பதில்லை. சிலருக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் சிலருக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, கைபேசியே போதும். திரை முழுக்க வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். கைபேசி கேமராவை ‘புரோ’ மோடுக்கு மாற்றி ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அளவில் வையுங்கள். திரைக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்து, கேமராவின் நேரடிப் படத்தைப் பாருங்கள். மானிட்டரின் பிரைட்னஸ் 100இல் இருக்கும்போது கோடுகள் இல்லாமல் இருந்து, 50க்கும் 20க்கும் இறக்கும்போது கறுப்புப் பட்டைகள் தோன்றினால் அது பிடபிள்யூஎம். பட்டைகள் தடிமனாகவும் குறைவாகவும் இருந்தால் அதிர்வெண் தாழ்வு, அதுதான் மோசம். மெல்லியதாக, நெருக்கமாக, மங்கலாக இருந்தால் அவ்வளவு கவலையில்லை. இரண்டு எச்சரிக்கைகள். அறையின் டியூப்லைட்டும் எல்இடி பல்பும் 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கி, அவற்றின் பட்டைகளையும் கேமராவில் காட்டிவிடலாம். அவற்றை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து, 100, 50, 20, 0 என எல்லா நிலைகளிலும் பார்க்க வேண்டும். சில மானிட்டர்கள் ஓர் அளவுவரை மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டு, அதற்குக் கீழே மட்டும் பிடபிள்யூஎம்முக்கு மாறிக்கொள்ளும். 50இல் மட்டும் சோதித்தவர் ஏமாந்துபோவார்.

கைபேசியில் புரோ மோடு இல்லையென்றால் ஒரு பென்சில் போதும். அறையை இருட்டாக்கி, வெள்ளைத் திரைக்கு முன்னால் பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே சீரான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் நிற்பதுபோலத் தெரிந்தால் அந்தத் திரை விட்டுவிட்டு எரிகிறது.

வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆர்டிங்ஸ், நோட்புக்செக் போன்ற தளங்கள் அளந்து எழுதும் விமர்சனங்களில் பிடபிள்யூஎம் உண்டா, உண்டென்றால் எத்தனை ஹெர்ட்ஸ் என்பது இருக்கும். ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் வாசகத்தைவிட, டியூவி ரைன்லாந்து போன்ற வெளி நிறுவனம் சோதித்துத் தந்த சான்றுக்கு மதிப்பு அதிகம். அதே நிறுவனம் ‘லோ ப்ளூ லைட்’ என்று வேறொரு சான்றும் தருகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. நமக்கு வேண்டியது முதலாவது.

ஃபிளிக்கர் இல்லாத மானிட்டரையே ஃபிளிக்கர் உள்ளதாக மாற்றும் ஒரு வசதியும் மெனுவில் ஒளிந்திருக்கும். விளையாட்டுக்காரர்களுக்காக ‘மோஷன் ப்ளர் ரிடக்‌ஷன்’, ‘எம்பிஆர்டி’ போன்ற பெயர்களில் வருவது அது. ஒவ்வொரு படத்துக்கும் இடையே பேக்லைட்டை வேண்டுமென்றே அணைப்பதுதான் அதன் வேலை. எழுத்து வேலைக்கு அதை அணைத்தே வையுங்கள். ஏற்கெனவே பிடபிள்யூஎம் மானிட்டரை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. கேமரா சோதனையில் பட்டைகள் மறையும் அளவுக்கு மானிட்டரின் பிரைட்னஸை உயர்த்திவிட்டு, வெளிச்சத்தைக் கணினியில் உள்ள மென்பொருளால் குறைக்கலாம். கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், நிறங்கள் மங்கும். படம் திருத்துபவருக்கு ஆகாது. எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் போதும்.

அடுத்து பிரைட்னஸ். நிட் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு. விளம்பரத்தில் 350 நிட், 400 நிட் என்று உச்ச அளவைப் பெரிதாகப் போடுவார்கள். அறைக்குள் வேலை செய்பவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிடலாம். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அறை வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் எடுத்து 0.8ஆல் பெருக்கி 3.14ஆல் வகுத்தால் தாளின் பிரகாசம் நிட்டில் கிடைக்கும். நன்றாக வெளிச்சமுள்ள அலுவலகத்தில், அதாவது 500 லக்ஸில், அது சுமார் 127 நிட். 300 லக்ஸ் உள்ள அறையில் 76 நிட். திரையும் தாளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையை மாற்றும்போது கண் திணறாது. கணக்கே வேண்டாம் என்பவர்கள் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்கலாம். திரை விளக்குபோல எரிந்தால் குறைக்க வேண்டும், தாளைவிட மங்கினால் கூட்ட வேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், பிரைட்னஸை 0இல் வைத்தாலும் 80, 100 நிட்டுக்குக் கீழே இறங்காத மானிட்டர்கள் இருக்கின்றன. இரவில் மங்கலான விளக்கில் வேலை செய்பவருக்கு 40, 50 நிட்வரையாவது இறங்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச அளவைத் தயாரிப்பாளர்கள் விவரப் பட்டியலில் அச்சிடுவதே அரிது. இங்கேதான் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் மானிட்டர்களைப் பற்றி எழுதும்போது உச்ச பிரைட்னஸோடு குறைந்தபட்ச பிரைட்னஸையும், எந்தெந்த நிலையில் ஃபிளிக்கர் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள். இரண்டே வரிகள்தான். நாளெல்லாம் திரை முன் உட்காரும் வாசகருக்கு அவை ரெஃப்ரெஷ் ரேட்டைவிட (நொடிக்கு எத்தனை முறை திரையில் படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) பலமடங்கு பயன்படும்.

எழுத்தின் கூர்மைக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறும் இடம் 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர். பெரிய திரை, குறைந்த விலை என்று வாங்கிவிடுகிறார்கள். ஃபுல் எச்டி என்பது 1920க்கு 1080 பிக்சல். அதையே 24 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 92 பிக்சல் வருகிறது, 27 அங்குலத்தில் விரித்தால் 82தான். 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109, 4கே என்றால் 163. சராசரி நல்ல பார்வை உள்ளவர் 60 செ.மீ. தொலைவில் தனித்தனிப் பிக்சலைப் பிரித்தறிய முடியாமல் போக அங்குலத்துக்குச் சுமார் 145 பிக்சல் வேண்டும். அதற்குக் கீழே எல்லாமே ஓரளவு சமரசம். 24 அங்குல ஃபுல் எச்டி ஏற்கத்தக்க சமரசம், 27 அங்குல ஃபுல் எச்டி அப்படியல்ல.

தமிழில் படிப்பவர்கள் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் நேர்க்கோடுகள் அதிகம். பிக்சல் குறைந்தாலும் தாங்கும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ண’வின் சுழிகளையும், ‘ணு’, ‘ஞ’, ‘ஜ’ ஆகியவற்றின் உள்வளைவுகளையும் சிறிய அளவில் காட்டப் பிக்சல் போதாவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைத்துக்கொள்கிறது. மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. ‘க’வா ‘க்’கா என்று ஒவ்வொரு முறையும் கண் நின்று தேடிவிட்டு மேலே போக வேண்டியிருக்கிறது. கடையில் மானிட்டரைப் பார்க்கும்போது அவர்கள் ஓடவிடும் வண்ண வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, வழக்கமான எழுத்தளவில், கை நீட்டும் தொலைவில் நின்று ஒரு பத்தி முழுக்கப் படியுங்கள். புள்ளிகள் சிரமமில்லாமல் தெரிய வேண்டும்.

4கே வாங்கினால் எழுத்து மிகச் சிறிதாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. 27 அங்குலத்தில் விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்தால் எழுத்தின் அளவு 1440 பிக்சல் திரையில் இருப்பதுபோலவே இருக்கும், கூர்மை மட்டும் கூடும். பேக்லைட் இல்லாமல் பிக்சல்களே ஒளிரும் ஓலெட் திரைகளின் கறுப்பு அழகுதான். ஆனால் அவற்றில் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் வழக்கமான வரிசையில் இல்லை. விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் வசதி வழக்கமான வரிசையை எதிர்பார்த்தே எழுத்தை வரைவதால், எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறக்கோடு தெரியும். அங்குலத்துக்கு 110 பிக்சல் உள்ள ஓலெட்டில் இது பளிச்சென்று தெரியும், 4கே ஓலெட்டில் வெகுவாகக் குறையும். டிவியை மானிட்டராக வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: பல டிவிகள் வழக்கமான மோடில் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துவிடும். கறுப்பு எழுத்து சரியாகத் தெரியும், சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் கசங்கித் தெரியும். டிவியின் உள்ளீட்டை ‘பிசி’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பேனல் வகையைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. எல்சிடி பேனல்களில் ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைகள் பரவலாக உண்டு. எழுத்து வேலைக்கு ஐபிஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம், பொதுவாக 1,000:1தான், எழுத்துக்கு அது தாராளம். விஏ பேனல் 3,000:1 தரும். ஆனால் நெருங்கி அமர்ந்து பார்க்கும்போது ஓரங்களின் நிறம் மாறும்; இருண்ட பின்னணியில் எழுத்தை உருட்டினால் நிழல் இழுபடும். பளபளப்பான திரையைவிட மேட் (பளபளப்பில்லாத) திரை நல்லது. மேட் பூச்சு அதிகமானால் வெள்ளைப் பரப்பில் மணல் தூவியதுபோல மினுமினுக்கும். அதையும் நேரில்தான் பார்க்க முடியும். எந்தப் பூச்சும் ஜன்னலை வெல்லாது. ஜன்னல் திரைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரிலோ பின்னாலோ வேண்டாம்.

ரெஃப்ரெஷ் ரேட் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிக்சர் டியூப் மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் என்றால் திரையே நடுங்கும், 85 வைத்தால்தான் கண் அமைதியாகும். எல்சிடியில் அப்படியில்லை; அடுத்த படம் வரும்வரை முந்தையது அப்படியே நிற்கும். 60 ஹெர்ட்ஸ் என்பதாலேயே எல்சிடியில் ஃபிளிக்கர் வராது. 100, 120 ஹெர்ட்ஸில் பக்கத்தை உருட்டும்போது எழுத்து தெளிவாகத் தெரியும் என்பது நல்ல வசதி. அதற்காகப் பிக்சல் அடர்த்தியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெட்டியைப் பிரித்த அன்றே செய்ய வேண்டியவை சில. மெனுவில் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ இருந்தால் அணையுங்கள். திரையில் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வெளிச்சம் தானாக ஏறி இறங்குவது அதனால்தான். ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கூட்டினால் கூர்மை கூடாது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். தயாரிப்பாளர் வைத்த நடுநிலையிலேயே விடுங்கள். நிற வெப்பநிலையை 6500 கெல்வினில் வையுங்கள். எச்டிஎம்ஐயில் கறுப்பு வெளிறித் தெரிந்தால் கணினியிலும் மானிட்டரிலும் ஆர்ஜிபி வீச்சு ‘ஃபுல்’ என்று ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு விக்கி விக்கி நகர்ந்தால் இணைப்பில் எங்கோ பழைய எச்டிஎம்ஐ 1.4 இருக்கிறது என்று பொருள். அது 4கேவை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தராது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறினால் தீரும். கேமரா சோதனையையும் இதே நாளில் செய்துவிடுங்கள். திருப்பித் தரும் காலம் முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போட வேண்டாம்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. இருண்ட திரையைப் பார்க்கும்போது கண்மணி விரிகிறது. விரிந்த கண்மணியில் கண்ணின் சிறு குறைகளும் பெரிதாகித் தெரியும். அஸ்டிக்மாட்டிசம் (கருவிழியின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ளவருக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசியும். வெளிச்சமான அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே பெரும்பாலோருக்கு எளிதாகப் படிக்க வரும், பிரைட்னஸ் சரியாக இருக்கும்பட்சத்தில்.

ஸ்டாண்டைக் கடைசியாகப் பார்ப்பது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது அது. முன்னும் பின்னும் சாய மட்டுமே செய்யும் ஸ்டாண்டைத் தவிருங்கள். 11 செ.மீ.க்குக் குறையாமல் ஏறி இறங்க வேண்டும், அல்லது பின்புறம் 100க்கு 100 மி.மீ. வெசா துளைகளாவது (மானிட்டரைத் தாங்கியில் மாட்டுவதற்கான திருகு துளைகள்) இருக்க வேண்டும். பிறகு ஒரு மானிட்டர் தாங்கியை (ஆர்ம்) வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ நிற்க வேண்டும். திரை உயரமானால் கண்ணை அகலத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலரும். திரை முன் உட்கார்ந்தால் இமைப்பது குறைந்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை இமைப்பவர்கள், திரை முன் 7 முறைதான் இமைத்தார்கள் என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை எந்த மானிட்டரும் தீர்க்காது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 நொடி பார்க்கச் சொல்வதும், வேண்டுமென்றே இமைக்கச் சொல்வதும் அதனால்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கண் வலித்தால் மானிட்டரை மாற்ற வேண்டாம், கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். படிக்கும் கண்ணாடியை வழக்கமாக 40 செ.மீ. தொலைவுக்கு எழுதித் தருவார்கள். அதற்குக் கண் 2.5 டயாப்டர் (லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு) குவிக்க வேண்டும். மானிட்டர் இருப்பதோ 65 செ.மீ. தொலைவில், அதற்கு ஏறக்குறைய 1.5 போதும். படிக்கும் கண்ணாடியோடு திரையைப் பார்ப்பவர் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போவார். தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே லென்ஸில் வரும் புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்குவார். மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவர்கள் திரையை மேசையை ஒட்டும் அளவுக்கு இறக்கி, சற்றுப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டும். அவ்வளவு கீழே இறங்கும் ஸ்டாண்டா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். கண் பரிசோதனைக்குப் போகும் முன் வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து திரைவரை டேப்பால் அளந்து, அந்தத் தொலைவைச் செ.மீ.யில் எழுதிக்கொண்டு போங்கள். கணினிக்கென்று தனிக் கண்ணாடி எழுத அந்த ஓர் எண் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்